மேற்படி

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வைகாசியில் நூம்பல் எழில் நகரின் நூற்று அறுபத்து நான்கு வீடுகளும் வானத்தைப் பார்ப்பதை விட்டுச் சாலையைப் பார்க்கத் தொடங்கியிருந்தன. மழை வரும் என்று காத்திருந்தவர்கள் இப்போது தண்ணீர் லாரி வரும் என்று காத்திருந்தார்கள். நகருக்குள்ளே ஒரு கிணறு உண்டு. அந்த உப்பு நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிநீர் வந்ததெல்லாம் சென்னீர்குப்பத்தில் சங்கம் குத்தகைக்கு எடுத்திருந்த கிணற்றிலிருந்துதான்.

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குடியிருப்பை விட்டு வெளியேறிச் சொந்த மனை கண்ட ஊழியர்கள், பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒன்றுகூடி அமைத்த கூட்டுறவுச் சங்கம் அது. அக்கிணற்றிலிருந்து நகரின் மேல்தொட்டி வரை, நெடுஞ்சாலை ஓரமாக, நான்கடி ஆழத்தில் இரண்டாயிரத்து நானூறு மீட்டருக்கு நான்கு அங்குலக் குழாய் புதைத்திருந்தார்கள். சித்திரை பிறந்ததும் அந்தக் குழாயில் எங்கோ அடைப்பு விழுந்தது. மோட்டார் முழு மூச்சாக இறைத்தாலும் தொட்டியில் விரல் கனத்துக்கு மேல் நீர் விழவில்லை.

அடைப்பு எங்கே என்று தெரிந்தால் அரைநாள் வேலை. தெரியாவிட்டால் ஒன்றரை மைல் மண்ணைக் கிளற வேண்டும். அதற்கும் இப்போது வழியில்லை. சாலையை அகலப்படுத்தும் பணி பூந்தமல்லிப் பக்கமிருந்து கிழக்கு நோக்கி நாளுக்கு நாள் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. குழாய் கிடந்த ஓரம் முழுவதும் புதிய சாலைக்கு அடியில் போகவிருந்தது. சங்கத்தார் நெடுஞ்சாலைத் துறையிடம் அலைந்து திரிந்து பெற்ற அனுமதி இவ்வளவுதான்: ஒரே ஒரு குழி. அதன் இடத்தை வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுத்தில் தர வேண்டும். சனிக்கிழமை தோண்டி, ஞாயிறு மாலைக்குள் மூடிவிட வேண்டும். அந்தக் குழியில் அடைப்பு அகப்படாவிட்டால் குழாயைக் கைவிடுவது, கிணற்றை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது என்று பொதுக்குழு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. அத்தீர்மானத்தை எழுதியவள் சங்கத்தின் எழுத்தர் சுசீலா. எழுதும்போது அவளுக்கு இரங்கற்பா எழுதுவது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சென்னீர்குப்பம் மோட்டார் அறையில் மூன்று பேர் கூடினார்கள். சுசீலா குழாய்ப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். மூன்றாம் தெருக்காரரான ரகுநாதன், தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பழுது பார்ப்பவர், ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கெஞ்சி வாங்கிவந்த பெட்டியை ஸ்டூலின் மேல் வைத்துத் திறந்துகொண்டிருந்தார். மோட்டாரை இயக்கும் ஜேசுராஜ் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இன்னா சார் இது, இ.சி.ஜி. மெசினா?"

"ஏறக்குறைய அதேதான். குழாய்க்கு எடுக்கப் போறோம்."

"அப்ப பைப்புக்கு ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லு. நான் இன்னாமோ வாதம்னு நெனச்சிகினு கீறேன்."

ரகுநாதன் சிரிக்கவில்லை, ஆனால் முகம் இளகியது. குழாயில் ஓர் உணரியைப் பொருத்தி, அதன் கம்பியைப் பெட்டியில் செருகினார். சுருள் தாளின்மேல் ஒரு மெல்லிய பேனா அசையாமல் நின்றது.

"பாருங்கம்மா," என்றார் சுசீலாவிடம். "கிணத்துக்குள்ள குனிஞ்சு கூப்பிட்டா குரல் திரும்பி வருதில்லையா, அது மாதிரிதான். குழாய் நிறையத் தண்ணி நிக்குது. பக்கத்துல இருக்கிற இந்த வால்வைத் திறந்து தண்ணிய ஓட விட்டு, ஒரே இழுப்புல மூடுவேன். ஓடற தண்ணி முட்டிக்கிட்டு அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் ஒரு அலையா குழாய்க்குள்ள ஓடும். எங்க தடை இருக்கோ அங்க மோதித் திரும்பி வரும். வர்ற நேரம் தெரிஞ்சா தூரம் தெரிஞ்சிடும்."

"அலை எவ்வளவு வேகம் போகும் சார்?"

"வார்ப்பிரும்புக் குழாய்ல ஒரு செகண்டுக்கு ஆயிரத்து இருநூறு மீட்டர்."

ஜேசுராஜ் விசில் அடித்தான். "பல்லவன் பஸ்ஸுக்கு அத்த கத்துக்குடு சார்."

வால்வு படாரென்று மூடியது. மண்ணுக்கடியில் யாரோ ஒருமுறை இருமியது போல் ஓர் ஓசை. தாள் ஓடியது, பேனா துள்ளி ஏறிற்று, சற்று நின்றது, திடீரெனத் தாழ்ந்தது, பிறகு தாழ்வாகவே சென்று மீண்டும் எழும்பிற்று. ஐந்து முறை செய்தார். ஐந்து முறையும் அதே வடிவம். கண்ணுக்குப் புலனாகாத இருளில் நெடுந்தூரம் போய் மீண்ட ஒன்று, தான் கண்டதை ஒரே சொல்லாகத் திரும்பத் திரும்பச் சொல்வதைச் சுசீலா மெய்சிலிர்க்கப் பார்த்தாள்.

ரகுநாதன் தாளை மடியில் விரித்து அளவுகோலை வைத்தார். "தாள் செகண்டுக்கு அம்பது மில்லிமீட்டர் ஓடுது. தொண்ணூத்தேழு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைய ஒரு மேடு. தடையில மோதினா மேடுதான் வரும். போற வழிக்கு மட்டும் கணக்குப் பண்ணினா ஆயிரத்து நூத்தி அறுபது மீட்டர்." விரல் பின்னோக்கி நகர்ந்தது. "ஆனா இந்தப் பள்ளம் எதுக்குன்னு புரியலை. ஐந்நூறு மீட்டர்ல வருது. குழாய் அங்க மாறுதா? பெரிசாகுதா? வேற வகையா? பதிவேட்டைப் பாருங்கம்மா."

சுசீலா ஐந்தாம் பக்கத்தைத் திறந்தாள். கோடு போட்ட அட்டவணை. பவழமல்லி அடுக்கியது போன்ற அவளுடைய கையெழுத்து.

"பூஜ்யத்திலேருந்து ஐந்நூறு வரை நாலு அங்குலம், வார்ப்பிரும்பு. ஐந்நூறிலேருந்து எழுநூத்திருபது வரை, கால்வாய் வெட்டினதுல உடைஞ்சு எண்பத்து நாலுல மாத்தினதுன்னு குறிப்பு இருக்கு. எழுநூத்திருபதிலேருந்து கடைசி வரைக்கும் பழைய குழாய்."

"அந்த மாத்தின பகுதி என்ன குழாய்?"

அவள் விரல் அந்தக் கட்டத்தில் நின்றது. ஒரு நொடி, அவ்வளவுதான்.

"மேற்படின்னு இருக்கு சார்."

"வார்ப்பிரும்பேதானா?"

"மேற்படின்னுதான் இருக்கு."

"அப்ப மூட்டுல எங்கயோ காத்து தங்கியிருக்கு. காத்து இருந்தாலும் இப்படிப் பள்ளம் விழும்." அவர் அளவுகோலை மூடினார். "ஆயிரத்து நூத்தி அறுபது. அனுமதிக் கடுதாசியில அதையே எழுதிடுங்க."

அவள் எழுதினாள். ஜேசுராஜ் சைக்கிளில் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். மாலையில் எழில் நகர்ப் பெண்கள் வழியில் நிறுத்தி, "கண்டுபிடிச்சாச்சாமே!" என்று கையைப் பிடித்தபோது, அவள் பதிவேட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அந்தக் கட்டம் அவள் நிரப்பியது.

எண்பத்தைந்தாம் ஆண்டுப் பெருமழையில் சங்க அலுவலகத்தினுள் வெள்ளம் புகுந்து பழைய பதிவேடு நனைந்துபோயிற்று. அடுத்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்த சுசீலாவுக்குக் கொடுத்த முதற் பணி, நனைந்த ஏட்டைப் புதிய ஏட்டில் படியெடுப்பது. மற்றவை எல்லாம் எப்படியோ படிக்க வந்தன. இரண்டாம் வரியில், குழாயின் வகை எழுதியிருந்த கட்டத்தில் மட்டும் மை கரைந்து நீல மேகம்போல் பரந்திருந்தது. அன்றைய செயலாளரிடம் காட்டினாள். "தணிக்கைக்கு வர்றவர் காலியான கட்டத்தைப் பாத்தா அதுலயே குடிவந்துடுவார்மா. எதையாவது நிரப்புங்க," என்றார் அவர். மேல்வரியிலும் கீழ்வரியிலும் வார்ப்பிரும்பு. நடுவில் மட்டும் வேறு எதுவாக இருந்துவிடப் போகிறது? மேற்படி என்று எழுதினாள். பார்க்க அழகாக இருந்தது. கீழ்வரிக்கும் அதையே எழுதினாள். அந்தச் செயலாளரும் இன்றில்லை. குழாயை மாற்றிய மதுரைவீரனும் எண்பத்தொன்பதில் இறந்துவிட்டான்.

பதிகம் ஓதும்போது ஓர் அசை பிறழ்ந்தாலும் முதலடியிலிருந்து மீண்டும் ஓதும் வழக்கமுடையவள் அவள். பிழையாக ஓதுவதினும் ஓதாதிருத்தல் நன்று என்று தந்தை கற்பித்திருந்தார். அப்படிப்பட்டவள் அறியாத ஒன்றை அறிந்ததாக எழுதினாள். ஏழு ஆண்டுகள் அந்த எழுத்து யாருக்கும் தீங்கு செய்யவில்லை. தீங்கு செய்யாத பிழை நாளடைவில் உண்மையின் உரிமைகளை எல்லாம் பெற்றுவிடுகிறது. காலையில் அவள் பொய் சொல்லவில்லை. ஏட்டில் இருந்ததைப் படித்தாள். அந்தச் சமாதானத்தை வெள்ளி இரவு முழுவதும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அது இரும்பாகவும் இருக்கலாமே. இருந்தால் இதைச் சொல்லி எல்லாரையும் எதற்குக் கலக்க வேண்டும்?

சனிக்கிழமை காலை ஆயிரத்து நூற்று அறுபதாம் மீட்டரில் கூலியாட்கள் மூவர் மண்ணை வெட்டினார்கள். நகர்வாசிகள் குடையும் குழந்தையுமாக வந்து நின்றார்கள். பத்தரை மணிக்குக் குழாய் தென்பட்டது. ரகுநாதனே குழிக்குள் இறங்கி, முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று தட்டிப் பார்த்தார். அறுக்கச் சொன்னார். ரம்பம் இரும்பைத் தின்னும் ஓசை அரைமணி கேட்டது. பிறகு துண்டு கழன்றது.

உள்ளே துரு, ஓர் அங்குலத்தில் கால் பங்கு இருக்கும். மற்றபடி திறந்து கிடந்தது. ஜேசுராஜ் கையை முழங்கை வரை விட்டுப் பார்த்தான். நீண்ட கம்பியை இருபுறமும் செலுத்தினார்கள். கம்பி முழுவதும் போயிற்று. இரண்டு பக்கமும் ஆறடி ஆறடி வெட்டிப் பார்த்தார்கள். அங்கும் அப்படியே.

"சாருக்கு நாடி பாக்கத் தெரியும்னு நெனச்சோம்," என்றது கூட்டத்தில் ஒரு குரல். "ஜோசியம் பாத்திருக்கார்."

"பொட்டி கல்லூரிப் பொட்டிதான், ஆள் நம்ம ஆளு," என்றது இன்னொன்று. சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, லாரிக்கு வரிசை போட வேண்டும் என்பது நினைவுக்கு வந்து வேகமாகப் போனார்கள்.

ஜேசுராஜ் சேற்றுக் கையோடு அவர்கள் பின்னால் கத்தினான். "இன்னா நைனா, பேசிட்டுப் போய்கினே கீறீங்க? எறங்கித் தோண்டிப் பாரு, தெரியும்!"

ரகுநாதன் குழியின் விளிம்பில் உட்கார்ந்து சுருள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அலை பொய் சொல்லாதும்மா," என்றார் சுசீலாவிடம். "அஞ்சு தடவையும் ஒண்ணையே சொல்லுச்சு. அப்ப கேட்டவன் காதுதான் சரியில்லை. இருபத்திரண்டு வருஷமா இதே வேலை பாக்கிறேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். சொல் நாவின் நுனி வரை வந்தது. ஆனால் அவர் தலை குனிந்திருந்தது. சுற்றி ஆட்கள் நின்றார்கள். நாளை காலை சொல்லலாம், முதலில் இறைவனிடம் முறையிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று அவள் நினைத்தாள். அடியார்க்கு வரும் சோர்வுகளில் பக்தியின் வேடத்தில் வருவதே கொடிது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் திருவேற்காட்டு ஈசன் சந்நிதியில் நின்றாள். அபிடேகம் நடந்துகொண்டிருந்தது. முடியும் வரை நிற்பது அவள் வழக்கம், அன்றும் நின்றாள். அவள் கேட்ட வரம் விந்தையானது. வரப்போவதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. ஒன்பதாண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் போனது இரும்பாகவே இருந்திருக்க வேண்டும் என்று கேட்டாள். நடந்து முடிந்ததை நடவாததாக்க அவனாலும் இயலாது என்பது அவளுக்குத் தெரியும். ஆயினும் கைகூப்பிக் கேட்டாள். தீபம் கண்ட பிறகுதான், கேட்க வேண்டிய ஆள் வேறொருத்தி இருக்கிறாள் என்பது நினைவில் தைத்தது. மதுரைவீரனின் மனைவி வேம்புலியம்மாள் சென்னீர்குப்பத்தில் மோட்டார் அறைக்குப் பின்புறம்தான் குடியிருந்தாள்.

பேருந்து பிடித்துப் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. வேம்புலியம்மாள் குடிசை வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா கண்ணு, இப்டி மூச்சு வாங்குது உனுக்கு? குந்து. தண்ணி குடிக்கறியா? உங்க பைப்புல வராத தண்ணி எங்க ஊட்டுப் பானையில கீது."

"வேம்புலியம்மா, உங்க வீட்டுக்காரர் எண்பத்து நாலுல கால்வாய் ஓரமா குழாய் மாத்தினாரே. அது என்ன குழாய்னு ஞாபகம் இருக்கா?"

வேம்புலியம்மாள் கீரையைக் கீழே வைக்காமலே மோவாயால் மேலே காட்டினாள். "தோ, உன் தலைக்கு மேலயே கீது பாரு."

சுசீலா நிமிர்ந்தாள். கூரையின் விளிம்பில், மழைநீர் வழிந்தோட, நீளவாக்கில் பிளந்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய் கம்பியால் கட்டித் தொங்கிற்று.

"மிச்சம் வந்த துண்டு. இரும்புப் பைப்பு வரும் வரும்னு ஆறு மாசம் பாத்தாங்க, வரல. அப்பால இத்தப் போடச் சொன்னாங்க. 'இன்னா பைப்புடி இது, பாம்பு கணக்கா வளையுது'ன்னு திட்டிக்கினேதான் போட்டுச்சு அந்த மனுசன்." அவள் சிரித்தாள். "இத்தக் கேக்கவா இம்மாந்தூரம் வந்தே? ஜேசு கைல சொல்லி அனுப்பிருந்தா நானே வந்து சொல்லிருப்பேனே. தெனம் இப்டிக்கா தானே போறான்."

சுசீலா தண்ணீர் குடிக்கவில்லை. பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் சாலையோரமாகவே நூம்பலை நோக்கி நடந்தாள். சில இடங்களில் ஓடினாள். அகன்ற சாலையின் புதிய பகுதியில் ஜல்லி பரப்பி அழுத்தியிருந்தது. ஓரிடத்தில் தார் கொதிக்கும் பீப்பாய்களும், புகையும், அசையாமல் நின்ற ரோடு ரோலரும். மேற்பார்வையாளன் கோவிந்தன், தலையில் துண்டு கட்டியவன், "பாத்துப் போம்மா, சூடு!" என்று கூவினான். அவள் தலையசைத்துவிட்டு அந்த இடத்தைக் கடந்து போனாள்.

ரகுநாதன் வீட்டில் கருவியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பிற்பகலில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூச்சிரைப்பு நிற்காமலே சொன்னாள்: கட்டம், நீல மேகம், தான் எழுதிய சொல், கூரையில் கண்ட குழாய். அவர் முகத்தில் சினம் வரும் என்று காத்திருந்தாள். சினம் வரவில்லை. மேசையிலிருந்த தாளைப் பிடுங்கினார்.

"பிளாஸ்டிக்கா?" குரல் உயர்ந்தது. "பிளாஸ்டிக்ல அலை மெதுவாம்மா! இரும்பு விறைப்பா நிக்கும். அலை பாஞ்சு போயிடும். பிளாஸ்டிக் விட்டுக்கொடுக்கும், ஒவ்வொரு அடியும் வீங்கி வீங்கித்தான் அலை போகணும். நானூறு மீட்டர்தான் போகும். மூணுல ஒரு பங்கு!" பென்சில் ஓடிற்று. "அப்ப ஐந்நூறுல விழுந்த பள்ளம் காத்து இல்லை. இரும்பு முடிஞ்சு பிளாஸ்டிக் ஆரம்பிக்கிற இடம். அங்கேருந்து மேடு வரைக்கும் போக மட்டும் அரை செகண்டுக்குக் கொஞ்சம் மேல. நானூறால பெருக்கினா இருநூத்திருபது. ஐந்நூறும் இருநூத்திருபதும்..."

"எழுநூத்திருபது," என்றாள் சுசீலா.

"பிளாஸ்டிக் முடிஞ்சு மறுபடி இரும்பு ஆரம்பிக்கிற மூட்டு! துருவும் வேரும் வந்து அங்கதான் சிக்கியிருக்கும். வேற எங்கயும் இல்லை." அவர் கண்கள் கலங்கியிருந்தன. நேற்றிலிருந்து குனிந்திருந்த தலை நிமிர்ந்து, குழந்தையைப் போல் சிரித்தார். "பாத்தீங்களாம்மா? அலை சரியாத்தான் சொல்லியிருக்கு. ஒரு மீட்டர்கூடப் பிசகலை."

குழி வீணான பிறகு அந்தத் தெருவில் யாரும் கண்ட ஒரே மகிழ்ச்சி அது. சுசீலா அதைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தாள். எழுநூற்று இருபதாம் மீட்டர் சாலையில் எந்த இடம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ரகுநாதனின் ஸ்கூட்டரில் போனார்கள். வழியில் நேற்றுத் தோண்டிய வீண்குழி, இருபுறமும் மண்மேட்டோடு வாய்பிளந்து கிடந்தது. அதைத் தாண்டி நானூற்று நாற்பது மீட்டரில் புகை தெரிந்தது. பீப்பாய்கள் நகர்ந்துவிட்டிருந்தன. சாலை கரியதாய், ஈரம்போல் மின்னியது. ரோலர் அதன்மேல் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ரகுநாதன் வண்டியைச் சாய்த்துவிட்டு ஓடினார். "நிறுத்துங்க! ஒரு குழி போடணும், இங்க. எங்க குடிநீர்க் குழாய்."

கோவிந்தன் அருகே வந்து அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "உங்க குழி அப்பால போட்டாச்சே சார். நேத்தே பாத்தனே."

"அது தப்பான இடம். இதுதான் சரியான இடம். அரைநாள் போதும். நாங்களே தோண்டி நாங்களே மூடிடறோம்."

"தார் போட்டாச்சு சார். இத்த ஒடச்சா என் வேல போவும். மேல எழுதிப் போட்டு வாங்கினு வாங்க. நான் இன்னா பண்றது?" அவன் குரலில் அதட்டல் இல்லை. சுசீலாவைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினான். "ஏம்மா, நீ ஒம்போதரை மணிக்கு இப்டிக்கா தானே போனே? நான்கூடப் பாத்துப் போன்னு சொன்னேனே. அப்ப வெறும் ஜல்லிதாம்மா கீது. ஒரு வார்த்த சொல்லிருந்தா, வாரிப் போட்டுத் தோண்டிக்கோங்கன்னு உட்டிருப்பேன். காலையில ஏழு மணிக்குச் சொல்லிருந்தா பாதி நாளே கெடச்சிருக்கும். எங்க ஆளுங்களும் குடிக்கிறது உங்க கெணத்துத் தண்ணிதானே."

ஏழு மணிக்கு அவள் சந்நிதியில் நின்றுகொண்டிருந்தாள்.

ரகுநாதன் தாரின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான்கடிக்குக் கீழே, எந்த மூட்டில், எத்தனையாவது மீட்டரில் அடைப்பு என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். அந்த இரண்டு பேரும் அதன் மேலேயே இருந்தார்கள். ரகுநாதன் திரும்பாமலே கேட்டார்.

"அந்தக் கட்டத்தைப் பத்தி உங்களுக்கு எப்பலேருந்து சந்தேகம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் நம்பியிருப்பார்.

"வெள்ளிக்கிழமை. நீங்க கேட்ட அப்பவே."

அவர் தலையசைத்தார். எழுந்து, சட்டைப் பையிலிருந்த தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, சாய்ந்து கிடந்த ஸ்கூட்டரை நிமிர்த்தினார். "ஆய்வகக்காரர் காத்திருப்பார், பெட்டியைக் கொடுக்கணும்," என்றார். "வர்றீங்களா?"

"நீங்க போங்க சார்."

வண்டியின் ஓசை தேய்ந்து மறைந்தது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டிருந்தது. தன் பிழையை இனி யாரிடம் சொல்வது, சொன்னாலும் அதனால் யாருக்கு ஒரு குடம் நீர் கிடைக்கும் என்று சுசீலா எண்ணிப் பார்த்தாள். பொதுக்குழுவில் சொல்லலாம், திட்டுவார்கள். பிறகு லாரி வரும் சத்தம் கேட்டு எழுந்து போய்விடுவார்கள். ஓதுவதற்கு ஒரு பாட்டைத் தேடினாள். நெஞ்சில் முதலடிகூட எழவில்லை.

"அப்பால நில்லும்மா, ரோலர் வருது," என்றான் கோவிந்தன்.

அவள் விலகி நின்றாள். ரோலர் இரண்டாம் முறையாக அந்த இடத்தின்மேல் ஏறியது. அதன் பெருஞ்சக்கரங்களில் தார் ஒட்டாதிருக்க, பக்கத்திலேயே ஒருத்தி வாளியோடு நடந்து, சக்கரத்தின்மேல் நீரை வாரி வாரி ஊற்றிக்கொண்டே வந்தாள். நல்ல தண்ணீர், தெளிந்த தண்ணீர். அது சூட்டுத் தாரில் வழிந்து, சீறி, ஆவியாகிப் போயிற்று. வாளி காலியானதும் அவள் போய் மீண்டும் நிரப்பிக்கொண்டு வந்தாள்.